அழிக்கப்பட்ட ஏழு சொற்கள்

1945 ஆகஸ்டு 17, வெள்ளிக்கிழமை. ரமலான் நோன்புக் காலம். காலை பத்து மணிக்கு ஜகார்த்தாவில், பெகாங்சான் தீமூர் தெருவின் 56ஆம் எண் வீட்டு முன்றிலில் நின்று, இரண்டே வாக்கியம் கொண்ட விடுதலைப் பிரகடனத்தைச் சுகர்னோ வாசித்தார். அவர் மனைவி ஃபத்மாவதி தைத்துக் கொடுத்த சிவப்பு வெள்ளைக் கொடி ஏறியது. அன்று மாலை, சுகர்னோவுடன் சேர்ந்து பிரகடனத்தில் கையெழுத்திட்ட முகமது ஹத்தாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஜப்பானியக் கடற்படை அதிகாரி ஒருவர் அவசரமாகப் பார்க்க வேண்டுமாம், வரலாமா என்று கேட்டார்கள். வரச் சொன்னார் ஹத்தா.

வந்தவர் சொன்ன செய்தியைப் பல ஆண்டுகள் கழித்து ஹத்தாவே எழுதியிருக்கிறார். ஜப்பானியக் கடற்படையின் ஆளுகையில் இருந்த கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள், புராட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கர்களும், புதிய அரசியல் சட்டத்தின் முகவுரையில் உள்ள ஒரு தொடரை ஏற்க மாட்டார்கள். அது முஸ்லிம்களை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் அது இருப்பதே தங்களை வேறாக்கி வைக்கிறது என்கிறார்கள். அது நீக்கப்படாவிட்டால் குடியரசுக்கு வெளியே நிற்பதையே விரும்புவார்கள். இதுதான் செய்தி. வந்த அதிகாரியின் பெயர் தனக்கு மறந்துவிட்டது என்கிறார் ஹத்தா. அவர் யார், யார் அனுப்பி வந்தார் என்ற விவாதம் இந்தோனேசியாவில் இன்றும் தீரவில்லை.

அந்தத் தொடரில் இருந்தவை இந்தோனேசிய மொழியின் ஏழு சொற்கள். இறைநம்பிக்கையே நாட்டின் அடித்தளம் என்ற வாக்கியத்தோடு அவை ஒட்டியிருந்தன. இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் ஷரீஅத்தை நிறைவேற்றும் கடமையுடன், என்பது அவற்றின் பொருள்.

சென்ற பகுதியில் துருக்கியைப் பார்த்தோம். கிலாஃபத்தை ஒழித்து, சுவிஸ் நாட்டுக் குடும்பச் சட்டத்தைத் தன் சட்டமாக்கிக்கொண்ட நாடு அது. அங்கே வெற்றி பெற்ற ஒரு தலைவர் மேலிருந்து ஆணையிட்டார். இந்தோனேசியாவின் கதை வேறு. இங்கே எவரும் எவரையும் போரில் வென்றிருக்கவில்லை. எதிரெதிர்க் கருத்துள்ளவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. இஸ்லாமும் சட்டமும் பற்றிப் பேசுவோர் துருக்கியையும் ஈரானையும் பாகிஸ்தானையும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறார்கள். உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளின் வரிசையில் முதலிடத்தில் பேசப்பட்டு வந்த இந்த நாட்டை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுக்கிறேன்.

அந்த ஏழு சொற்கள் ஏன் எழுதப்பட்டன என்று புரிய, டச்சு ஆட்சியின் நீதிமன்றங்களுக்குள் நுழைய வேண்டும்.

இந்தோனேசிய முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். நம் காயல்பட்டினம், கீழக்கரை மக்களும் அதே மத்ஹப்தான். ஜாவா சுல்தான்களின் காலத்திலேயே பள்ளிவாசல் முகப்பில் அமர்ந்து நிகாஹ், தலாக், வாரிசுரிமை வழக்குகளை மார்க்க அறிஞர்கள் தீர்த்து வந்தார்கள். 1882இல் டச்சு அரசு ஒரு அரச ஆணையால் இந்த மன்றங்களுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. ஆனால் ஒரு கயிற்றையும் சேர்த்துக் கட்டியது. மார்க்க மன்றத்தின் தீர்ப்பு தானாகச் செல்லாது. அரசு நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் முத்திரை வைத்தால்தான் நிறைவேற்ற முடியும்.

அடுத்து வந்தார் ஸ்னூக் ஹுர்குரோன்யே. 1885இல் மக்காவில் தங்கிப் படித்து, பிறகு டச்சுக் கிழக்கிந்திய அரசின் ஆலோசகரானவர். தொழுகை, நோன்பு, ஹஜ் போன்றவற்றில் தலையிடாதீர்கள், அரசியலாக எழும் இஸ்லாத்தை மட்டும் அடக்குங்கள் என்பது அவர் ஆலோசனை. சட்டத்திலும் அவர் வழி ஆழமாகப் பதிந்தது. இந்த மக்களின் உண்மையான சட்டம் ஊர் வழக்கமே, அதை ‘அதாத்’ என்கிறார்கள், இஸ்லாமியச் சட்டம் ஊர் வழக்கம் ஏற்றுக்கொண்ட அளவுக்கு மட்டுமே செல்லும் என்ற கோட்பாடு டச்சுச் சட்ட அறிஞர்களிடையே வேரூன்றியது. மண்ணின் மரபைக் காப்பாற்றுவதாகத்தான் அவர்கள் சொன்னார்கள். அவர்களில் சிலருக்கு அந்த மரபின் மேல் உண்மையான மதிப்பும் இருந்தது. ஆனால் விளைவு என்ன? எந்த முஸ்லிமுக்கு எந்த அளவு இஸ்லாமியச் சட்டம் என்பதை லெய்டன் பல்கலைக்கழகத்தில் படித்து வந்த அதிகாரி முடிவு செய்தார்.

1937இல் அடி விழுந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஜாவாவிலும் மதுராவிலும் வாரிசுரிமை வழக்குகள் மார்க்க மன்றங்களிடமிருந்து பறிக்கப்பட்டு அரசு நீதிமன்றங்களுக்குப் போயின. அங்கே அதாத் வழக்கப்படி தீர்ப்பு. உலமாக்கள் இதை மறக்கவே இல்லை. விடுதலைக்குப் பின் சட்டப் பேராசிரியர் ஹசைரின் அந்த டச்சுக் கோட்பாட்டுக்கு வைத்த பெயர் ‘இப்லீஸின் கோட்பாடு’.

அதே 1937இல் கடலுக்கு இந்தப் பக்கம் நடந்ததையும் தமிழ் வாசகர்கள் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் இந்தியாவில் ஷரீஅத் சட்டம் வந்தது. விவசாய நிலத்தை விட்டுவிட்டு, முஸ்லிம்களின் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமையில் ஊர் வழக்கத்தை விலக்கி ஷரீஅத்தை முன்னால் வைத்தது அது. ஒரே ஆண்டில் ஒரு காலனி அரசு ஷரீஅத்தை வழக்கத்துக்குக் கீழே தள்ளியது. இன்னொன்று வழக்கத்தை ஷரீஅத்துக்குக் கீழே தள்ளியது. இரண்டு அரசுகளுமே மார்க்கத்தில் தலையிடுவதில்லை என்று சொல்லிக்கொண்டவைதாம். சட்டத்தை எழுதும் கை தன்னிடம் இருக்கும்வரை எந்த அரசும் மதத்தில் தலையிடாமல் இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1942இல் ஜப்பான் வந்தது. போரில் தோற்கத் தொடங்கிய பிறகு விடுதலை தருவதாக வாக்களித்தது. 1945 மே மாத இறுதியில் விடுதலைக்கான ஆயத்தங்களை ஆராயும் குழு ஜகார்த்தாவின் பெஜாம்போன் பகுதியில் கூடியது. அறுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். தலைவர், ஜாவா மருத்துவரான முதியவர் ராஜிமான் வெத்யோதினிங்ராட். அவர் அவை முன் வைத்த கேள்வி, நாம் அமைக்கப்போகும் நாட்டின் அடித்தளம் என்ன என்பது.

பதில்கள் இரண்டாகப் பிரிந்தன. முகம்மதியா இயக்கத்தின் தலைவர் கி பாகுஸ் ஹாடிகுசுமோ, யோக்யகர்த்தாவைச் சேர்ந்தவர், இஸ்லாமே அடித்தளம் என்று வாதாடினார். மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள், டச்சுக்காரரை எதிர்த்து எழுந்த போர்கள் பலவற்றுக்கும் உயிர் கொடுத்தது இஸ்லாம், அதை விட்டுவிட்டு வேறு எதன்மேல் நாட்டைக் கட்டுவது என்பது அவர் நிலை. சட்ட அறிஞர் சுபோமோ மறுத்தார். இஸ்லாமிய அரசு அமைத்தால் அதனோடு தம்மை ஒன்றாக உணர முடியாத சிறுபான்மையினர் பிரச்சினை உடனே எழும் என்றார். நாட்டை ஒன்றாக்குவதுதான் நோக்கம் என்றால் அரசு எந்த ஒரு குழுவோடும் தன்னை ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றார்.

ஜூன் 1 அன்று சுகர்னோ பேசினார். ஐந்து கொள்கைகளைச் சொல்லி அதற்குப் பஞ்சசீலா என்று பெயர் சூட்டினார். நேருவின் பஞ்சசீலத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முந்தியது இது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தேசியம், மனிதநேயம், கலந்தாய்வு, சமூக நலம், இறைநம்பிக்கை. கடவுளைக் கடைசியில் வைத்தார். அந்த உரையில் அதிகம் நினைவுகூரப்படாத ஒரு பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முஸ்லிம் தலைவர்களைப் பார்த்து, சட்டங்கள் இஸ்லாமிய உணர்வோடு அமைய வேண்டும் என்றால் மக்களிடம் போங்கள், மன்றத்தின் பெரும்பாலான இடங்களை வென்று வாருங்கள், அப்போது அந்த மன்றத்திலிருந்து வரும் சட்டம் தானாக இஸ்லாத்தின் சட்டமாக இருக்கும் என்றார். கிறிஸ்தவர்களுக்கும் அதே அழைப்பு. அடித்தளத்தைப் பொதுவாக வைப்போம், மேலே எழுவதை மக்கள் முடிவு செய்யட்டும் என்ற வாதம் அது. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது இந்தப் பேச்சுக்கு மீண்டும் வருவோம்.

ஜூன் 22 அன்று ஒன்பது பேர் குழு சுகர்னோவின் வீட்டில் கூடியது. சுகர்னோ, ஹத்தா, முகமது யாமின், அகமது சுபார்ஜோ ஆகியோர் தேசியவாதிகளின் பக்கம். மினஹாசாவைச் சேர்ந்த ஏ.ஏ. மராமிஸ் குழுவின் ஒரே கிறிஸ்தவர். முதியவர் அகுஸ் சலீம், அபிகுஸ்னோ, அப்துல் காஹர் முசக்கிர், நஹ்தலத்துல் உலமா இயக்கத்தின் வஹித் ஹாஷிம் ஆகியோர் இஸ்லாமியத் தரப்பு. வஹித் ஹாஷிமுக்கு அப்போது வயது 31தான். நீண்ட பேச்சுக்குப் பின் இறைநம்பிக்கை ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியது. அதனோடு அந்த ஏழு சொற்கள் சேர்ந்தன. ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள், மராமிஸ் உட்பட. யாமின் அதற்கு ஜகார்த்தா சாசனம் என்று பெயர் வைத்தார்.

ஜூலையில் முழுக் குழுவின் முன் அது வந்தபோது எழுந்த எதிர்ப்புகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பலரும் நினைப்பதுபோல இது முஸ்லிம், கிறிஸ்தவர் சண்டையாக மட்டும் இருக்கவில்லை. மலுக்கு தீவுகளைச் சேர்ந்த புராட்டஸ்டண்டு லாதுஹர்ஹரி முதலில் எதிர்த்தார். மற்ற மதத்தவருக்கு இதனால் வரக்கூடிய விளைவு பெரிது என்றார், ஊர் வழக்கங்களோடும் இது மோதும் என்றார். ஜாவா முஸ்லிம்களான வொங்சோநெகோரோவும் ஹுசைன் ஜயாதினிங்ராட்டும் வேறு கவலையைச் சொன்னார்கள். முஸ்லிம்களை அரசே தொழச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் நிலை வந்துவிடாதா, அது வெறியை வளர்க்காதா என்பது அவர்கள் கேள்வி. நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து கி பாகுஸ் எழுந்தார். இஸ்லாத்தைப் பின்பற்றுவோருக்கு மட்டும் என்று ஏன் வரம்பு வைக்க வேண்டும், அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள் என்றார். ஒரே நாட்டில் இரண்டு வகைக் குடிமக்களுக்கு இரண்டு வகைச் சட்டம் என்பது அவருக்கு ஏற்புடையதாக இல்லை.

கி பாகுஸ் கேட்டதை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் கண்ட சிக்கல் உண்மையானது. வொங்சோநெகோரோவும் அதே சிக்கலைத்தான் மறுபக்கத்திலிருந்து பார்த்தார். கடமை என்று அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டால் அதை நிறைவேற்றாதவரை யார் கேட்பது? இறைவனா, காவல்துறையா? அந்த அவையில் இதற்கு எவரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

வாதம் முற்றியது. குடியரசுத் தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும், அரசின் மதம் இஸ்லாம் என்று எழுத வேண்டும் என வஹித் ஹாஷிம் கேட்டார். அப்படியானால் துணைத் தலைவர், தூதர்கள் எல்லாம் என்ன செய்வது என்று அகுஸ் சலீமே குறுக்கிட்டார். ஜூலை 15 இரவு காஹர் முசக்கிர் மேசையைத் தட்டி, இஸ்லாம் என்ற பேச்சையே முழுவதுமாக எடுத்துவிடுங்கள் என்று கோபத்தில் கத்தும் அளவுக்குப் போனது. மறுநாள் சுகர்னோ கண்ணீர் மல்கத் தன் தேசியவாத நண்பர்களிடம் விட்டுக்கொடுக்கும்படி வேண்டினார். விட்டுக்கொடுத்தார்கள். ஏழு சொற்களும் நிலைத்தன, குடியரசுத் தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து ஜப்பான் சரணடைந்தது.

இப்போது ஆகஸ்டு 18 காலைக்கு வருவோம். அரசியல் சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய குழு காலையிலேயே கூட வேண்டும், கூட்டம் தள்ளிப்போனது. இடைப்பட்ட நேரத்தில் ஹத்தா சிலரைத் தனியே அழைத்துப் பேசினார். அவர் குறிப்பிடும் பெயர்கள் நான்கு: கி பாகுஸ், வஹித் ஹாஷிம், கஸ்மான் சிங்கோடிமெஜோ, அச்சேயைச் சேர்ந்த தேகு முகமது ஹசன். வஹித் ஹாஷிம் அன்று ஊரிலேயே இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நாடு பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் உடைந்துவிடக் கூடாது என்பது ஹத்தா முன்வைத்த ஒரே வாதம். பதினைந்து நிமிடத்துக்குள் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறார் அவர்.

எளிதில் ஒத்துக்கொண்டதுபோல் அது ஒலிக்கிறது. அப்படி இல்லை. கடைசிவரை இறங்கி வராதவர் கி பாகுஸ். அவரை இணங்க வைத்தவர் கஸ்மான். இருவருமே முகம்மதியாக்காரர்கள், ஜாவாக்காரர்கள். பெரியவரிடம் பேசும் பணிவான ஜாவா மொழியில் கஸ்மான் மன்றாடினார். டச்சுப் படைகள் எந்நேரமும் திரும்பி வரலாம், ஜப்பானியர் இன்னும் ஆயுதத்தோடு நிற்கிறார்கள், இது அவசரத்தில் எழுதும் சட்டம். ஆறு மாதத்தில் மக்கள் மன்றம் கூடும், அப்போது நிதானமாக முழுமையான சட்டம் எழுதலாம் என்று சுகர்னோ சொல்கிறார், அப்போது கேட்போம். பெரியவர் இசைந்தார். ஏழு சொற்கள் போன இடத்தில் ‘ஒருவனேயான இறைவன்’ என்று பொருள்படும் தொடர் வந்தது. பல தெய்வ வழிபாட்டுக்கு இடம் கொடுக்காமல் தவ்ஹீதைக் காப்பாற்றும் தொடர் என்று அதைத் தங்கள் மனத்தில் விளங்கிக்கொண்டே முஸ்லிம் தலைவர்கள் கூட்டத்துக்குப் போனார்கள். தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அன்றே நீங்கியது.

ஆறு மாதத்தில் மன்றம் கூடவில்லை. டச்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள், நான்கு ஆண்டுப் போர் நடந்தது. வஹித் ஹாஷிம் 1953இல் ஒரு கார் விபத்தில் இறந்தார். கி பாகுஸ் 1954இல் மறைந்தார். அரசியல் நிர்ணய மன்றம் பாண்டுங் நகரில் கூடியது 1956 நவம்பரில்.

இடைக்காலத்தில் பொறுமை இழந்தவர்களும் உண்டு. மேற்கு ஜாவாவில் கார்த்தோசுவிர்யோ 1949 ஆகஸ்டில் தனி இஸ்லாமிய அரசை அறிவித்து, 1962இல் பிடிபட்டுத் தூக்குமேடைக்கு அல்ல, துப்பாக்கிகளின் முன் கொண்டுபோகப்படும்வரை காடுகளில் போரிட்டார். 1953இல் அச்சேயின் தாவூத் பெரூவே கலகம் செய்தார். அச்சேயின் சினத்துக்கு மதம் மட்டும் காரணமல்ல. விடுதலைப் போருக்கு அள்ளிக் கொடுத்த தங்கள் நிலத்தைத் தனி மாகாணமாகக்கூட வைக்காமல் வடக்கு சுமத்ராவோடு இணைத்ததும் பெரிய காரணம்.

பாண்டுங் மன்றத்தின் விவாதங்களைப் படித்தவர்கள் அதைச் சுதந்திர ஆசியாவின் மிகச் சிறந்த அரசியல் சட்ட விவாதங்களில் ஒன்று என்பார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். முன்னாள் பிரதமர் முகமது நாட்சிர் இஸ்லாமியத் தரப்பின் முதன்மைக் குரல். மனிதர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் அளவுகோல்களின்மேல் நாட்டைக் கட்ட முடியாது, இறைவாக்கே நிலையான அளவுகோல் என்றார். எதிர்த்தரப்பில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், கம்யூனிஸ்டுகள் எல்லோரும் பஞ்சசீலாவின் பக்கம் நின்றார்கள். 1955 தேர்தலில் எல்லா இஸ்லாமியக் கட்சிகளும் சேர்ந்தே பாதி வாக்கைத் தொடவில்லை; அரசியல் சட்டம் நிறைவேறத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு எவருக்கும் எட்டாது. 1959 ஏப்ரலில் சுகர்னோ, 1945 சட்டத்துக்கே திரும்புவோம் என்றார். சரி, அந்த ஏழு சொற்களோடு திரும்புவோம் என்றது இஸ்லாமியத் தரப்பு. மே 29 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 201, எதிர்ப்பு 265. அடுத்தடுத்த நாள்களில் ஏழு சொற்கள் இல்லாத சட்டத்துக்கும் மூன்று முறை வாக்கெடுப்பு நடந்தது. அதற்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை.

ஜூலை 5 அன்று சுகர்னோ ஒரே ஆணையில் மன்றத்தைக் கலைத்து 1945 சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். ஜகார்த்தா சாசனம் அந்தச் சட்டத்துக்கு உயிரூட்டுகிறது, அதனோடு இணைந்தது என்று ஆணையின் முகப்பில் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியால் சாசனத்துக்குச் சட்ட வலு உண்டா இல்லையா என்று அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் வாதிட்டார்கள். 1945இல் விட்டுக்கொடுத்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்பதை இந்தோனேசியாவின் மதச்சார்பின்மையைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். மன்றத்தில் தோற்றிருந்தால் அது நேர்மையான தோல்வி. மன்றத்தையே பூட்டியது வேறு. கஸ்மான் தன் வாழ்நாளின் பிற்பகுதியில், அந்தக் காலையில் தான் பேசியதற்காக வருந்தினார்.

இங்கேதான் சுகர்னோவின் ஜூன் 1 பேச்சுக்குத் திரும்ப வேண்டும். அரசியல் சட்டத்தில் நுழைய முடியாதது சாதாரணச் சட்டங்களின் வழியாக மெல்ல நுழைந்தது. 1946 ஜனவரி 3 அன்றே மத அமைச்சகம் பிறந்திருந்தது. சுகர்னோவுக்குப் பின் அதிபரான சுகார்த்தோவின் அரசு 1973இல் எல்லா மதத்தவருக்கும் ஒரே திருமணச் சட்டம் கொண்டுவர முயன்றபோது முஸ்லிம் மாணவர்கள் நாடாளுமன்ற அவைக்குள் புகுந்து அமர்ந்தார்கள். இராணுவத் தளபதிகளும் உலமாக்களும் பேசி மசோதாவைத் திருத்தினார்கள். அப்படி வந்த 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவரவர் மதச் சட்டப்படி நடந்தால்தான் திருமணம் செல்லும். ஆனால் அதே சட்டப்படி தலாக் நீதிமன்றத்துக்குள் நடந்தால்தான் செல்லும், இரண்டாம் மணத்துக்கு நீதிபதியின் அனுமதி வேண்டும். முத்தலாக் செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னபோது இங்கே எழுந்த விவாதத்தில், ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்த கோடிக்கணக்கான முஸ்லிம்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஒரு ஏற்பாட்டோடு வாழ்ந்து வருகிறார்கள் என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

1989இல் மார்க்க நீதிமன்றச் சட்டம் வந்தது. 1882இல் டச்சுக்காரர் கட்டிய கயிறு அன்றுதான் அறுந்தது. மார்க்க நீதிமன்றத் தீர்ப்புக்கு இனி வேறொரு நீதிமன்றத்தின் முத்திரை தேவையில்லை. 1937இல் பறிபோன வாரிசுரிமையும் திரும்பியது. 1991இல் உலமாக்களும் நீதிபதிகளும் சேர்ந்து தொகுத்த இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு அதிபரின் ஆணையால் வெளியானது. இன்று அந்த நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே விவாகரத்துக் கேட்டு வருவோரில் பெரும்பாலோர் மனைவியர். 2019இல் பெண்ணின் திருமண வயது 16இலிருந்து 19ஆக உயர்ந்தது, அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னதன் பேரில். குடும்பச் சட்டத்தைப் பொறுத்தவரை ஏழு சொற்களை எழுதியவர்கள் விரும்பியதில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது என்றே சொல்வேன். தேர்தலும் பேரமும் எதிர்ப்பும் கலந்த வழியில் கிடைத்ததால், அதைத் திருத்தவும் அதே வழி திறந்திருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஏழு சொற்களுக்குப் பதிலாக வந்த ‘ஒருவனேயான இறைவன்’ யாரையும் விலக்காத தொடர் என்று நினைத்தார்கள். விலக்கியது. பாலித் தீவின் இந்துக்கள் தங்கள் மதமும் ஒரே இறைவனைக் கொண்டதுதான் என்று மத அமைச்சகத்திடம் நிறுவிக் காட்டி 1950களின் இறுதியில்தான் அங்கீகாரம் பெற்றார்கள். ஏட்டு மதம் எதையும் சேராத பூர்வ வழிபாட்டினர் தங்கள் நம்பிக்கையை அடையாள அட்டையில் எழுதிக்கொள்ளும் உரிமையை 2017 நவம்பரில் நீதிமன்றம் வழியாகத்தான் பெற்றார்கள். 1965இல் சுகர்னோ பிறப்பித்த மத நிந்தனைத் தடை ஆணை இன்றும் சட்டம். 2017 மே மாதம் ஜகார்த்தா ஆளுநராக இருந்த, சீன வம்சாவளிக் கிறிஸ்தவரான அஹோக் மத நிந்தனைக் குற்றத்துக்காக இரண்டு ஆண்டுச் சிறைக்குப் போனார். அச்சேயில் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் பொது இடத்தில் பிரம்படி நடக்கிறது. வொங்சோநெகோரோ 1945இல் அஞ்சியது ஷரீஅத் என்ற சொல் அரசியல் சட்டத்தில் இல்லாமலேயே நடந்தது. ஆக, எழுதாமல் விட்டது மட்டும் சிறுபான்மையினரைக் காப்பாற்றிவிடவில்லை. எது மதம், எது நிந்தனை என்று வரையறுக்கும் அதிகாரத்தை அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. அந்த அதிகாரத்தைப் பறிக்க எந்தத் தரப்பும் உண்மையாக முயலவில்லை என்பதே இந்த நாட்டின் வரலாற்றில் நான் காணும் பெருங்குறை.

1998இல் சுகார்த்தோ வீழ்ந்தார். அரசியல் சட்டத்தைத் திருத்த மக்கள் ஆலோசனை மன்றம் கூடியபோது, இரண்டு இஸ்லாமியக் கட்சிகள் ஏழு சொற்களை மத உரிமை பற்றிய 29ஆம் பிரிவில் சேர்க்கக் கேட்டன. இம்முறை இராணுவம் மிரட்டவில்லை, கூட்டத்தைக் கலைக்க ஒரு சுகர்னோ இல்லை. வேண்டாம் என்று முன்னால் வந்து சொன்னவர்கள் நாட்டின் இரண்டு பெரிய முஸ்லிம் இயக்கங்களின் தலைவர்கள்: நஹ்தலத்துல் உலமாவின் ஹாஷிம் முசாதி, முகம்மதியாவின் அகமது ஷாஃபி மஆரிஃப். வஹித் ஹாஷிமின் இயக்கமும் கி பாகுஸின் இயக்கமும்தான் அவை. மஆரிஃப் இருந்த நாற்காலி கி பாகுஸ் இருந்த நாற்காலி. 1945இல் கட்டாயத்தின் பேரில் விட்டுக்கொடுத்ததை இவர்கள் 2002இல் தாமாக விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஆகஸ்டில் முடிந்த திருத்தங்கள் அரசியல் சட்டத்தின் பெரும்பகுதியை மாற்றி எழுதின. 29ஆம் பிரிவில் எவரும் கை வைக்கவில்லை. 1945 ஆகஸ்டு 18 அன்று பெஜாம்போனில் நிறைவேறிய அதே இரண்டு வாக்கியங்களோடு அது இன்றும் இருக்கிறது.

(தொடரும்)